மகள் வைக்காத நேர்த்தி

காலை ஆறரைக்கு வவுனியாவில் பஸ் ஏறும்போதே எனக்குப் பாதிப் பொறுமை போய்விட்டது. மன்னாருக்கு எண்பது கிலோமீற்றர்கூட இல்லை. டிக்கெற்றும் ஆளுக்கு முந்நூறு ரூபாய்க்குள்தான். ஆனால் என் மகள் அபி தூக்கிக்கொண்டு வந்த பையைப் பார்த்தால் நாங்கள் கப்பலேறப் போகிறோம் என்றுதான் நினைப்பீர்கள். அதில் உடுப்பு இரண்டு மூன்றுதான். மற்றதெல்லாம் எவர்சில்வர் பெட்டி, கரண்டி, தம்ளர், தண்ணீர்ப் போத்தல், துணிப்பைகள்.

அபி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன வருடம் விடுமுறைக்கு வந்தவள், “அப்பா, இனி நான் வீகன்” என்றாள். இறைச்சி, மீன், முட்டை மட்டும் ஆகாது என்றால் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் நடப்பதுதான். இவளுக்குப் பால், தயிர், நெய், தேன் எதுவும் ஆகாது. ஒருதரம் பாவித்து எறிகிற பிளாஸ்டிக்கும் ஆகாது. நான் வவுனியாவில் மருந்துக்கடை வைத்திருப்பவன். சாப்பாட்டுக்கு முன் இது, சாப்பாட்டுக்குப் பின் அது என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்கிறவன். என் வீட்டில் என் சொல் சாப்பாட்டுக்கு முன்னும் எடுபடாது, பின்னும் எடுபடாது.

மன்னார்க் கரையோரத்தில் இருக்கும் கீரியிலிருந்து சேவியர் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தான். கடற்றொழில் செய்பவன். மூன்று வருடங்களுக்கு முன் அவனுடைய மனைவி திரேசாவுக்கு வவுனியா ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஒப்பரேசன் நடந்தபோது இருவரும் ஒரு மாதம் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். அதிலிருந்து பழக்கம். “நல்ல நண்டு வலையில படுகுது அண்ணை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ” என்றான். அபிக்குப் பறவைகளும் திருக்கேதீஸ்வரமும் பார்க்கவேண்டும். நான் போனது நண்டு சாப்பிட. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

பத்து மணிக்கு முன்பே மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தைக் கடந்தோம். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். காற்றுக்கு பஸ்ஸின் கண்ணாடிகள் கடகடவென்று அடித்தன. தூரத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு கூட்டம் நின்றது. அபி என் கையைப் பிடித்து, “பூநாரை அப்பா!” என்றாள். அந்த ஐந்து நிமிடமும் இருவருக்கும் பிணக்கே இல்லை. பிறகு இறங்கி, அறை எடுத்து, மத்தியானம் சாப்பிடப் போனோம். அங்கே தொடங்கியது.

நகரத்துச் சாப்பாட்டுக் கடை. பரிமாறுகிறவர் வந்து, “மச்சமோ சைவமோ?” என்றார்.

“எனக்கு மீன். மகளுக்குச் சைவம்.”

அபி விடுவாளா? “அண்ணா, தேங்காய்ச் சம்பலில மாசிக் கருவாடு இருக்கோ?”

“மாசி இல்லாமச் சம்பலோ?”

“பருப்பில?”

“பருப்பில மாசி போடுறேல்லை. கொஞ்சம் நெத்தலி மட்டும்.”

“கத்தரிக்காய்?”

“அதுக்குக் கருவாடு போட்டால்தானே ருசி.”

“அப்ப சைவச் சாப்பாடெண்டால் என்ன?”

“மீன் துண்டு வைக்கமாட்டம்” என்றார் அவர், வெகு சாதாரணமாக.

சோற்றுக்குப் பூசணிக்காய் மட்டும் தேறியது. அடுத்த சண்டை தட்டில். இங்கே எல்லாக் கடைகளிலும் செய்வதுபோலத் தட்டின்மேல் பொலித்தீன் தாள் விரித்துத்தான் சோறு போடுவார்கள். சாப்பிட்டு முடிந்ததும் தாளைச் சுருட்டி எறிந்தால் தட்டுக் கழுவும் வேலை இல்லை. அபி தாளை எடுத்து ஒரு பக்கம் வைத்தாள்.

“தங்கச்சி, இஞ்ச நல்ல தண்ணிக்குத் தட்டுப்பாடு. தட்டுக் கழுவிக் கட்டாது.”

“பரவாயில்லை அண்ணா, என்னட்டப் பெட்டி இருக்கு” என்று எவர்சில்வர் பெட்டியை மேசையில் வைத்தாள். பக்கத்தில் கரண்டி. அதன் பக்கத்தில் மடித்த கைத்துண்டு. பரிமாறுகிறவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

ஒரு நிமிடத்தில் முதலாளி ஓடிவந்தார். பெட்டியோடு வந்து, எதில் என்ன போட்டீர்கள் என்று கேட்கிற பெண் சுகாதாரப் பரிசோதகராகத்தான் இருக்கவேண்டும் என்று உள்ளே முடிவாகியிருந்தது. “மிஸ் வாறதெண்டு சொல்லியிருக்கலாமே” என்றார். அவள் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, மறைக்கிறாள் என்றே அவர் எண்ணினார். உடனே பரிமாறுகிற எல்லோருக்கும் கையுறை வந்தது. பிளாஸ்டிக் கையுறை. சோற்றுச் சட்டியின்மேல் புதுப் பொலித்தீன். அப்பளத்தின்மேல் புதுப் பொலித்தீன். அவளுக்கென்று மூடி உடைக்காத தண்ணீர்ப் போத்தல் இரண்டு. பிளாஸ்டிக்கைக் குறைக்க வந்தவளுக்காக அந்தக் கடை ஒரு வாரத்துப் பிளாஸ்டிக்கை அரை மணிநேரத்தில் பாவித்தது.

எனக்கு ஐந்நூறு ரூபாய், அவளுடைய பூசணிக்காய்ச் சோற்றுக்கு முந்நூற்றைம்பது. முதலாளி காசை வாங்க மறுத்தார். மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தோம். எதிர்ப்பக்கக் குப்பைமேட்டில் கழுதை ஒன்று பொலித்தீன் பையைச் சோற்றோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தது. அபி அதை விரட்டிப் பையைப் பிடுங்கப் போனாள். கழுதை விடவில்லை. நடுத்தெருவில் என் மகளும் ஒரு கழுதையும் பொலித்தீன் இழுத்தார்கள். நான் எனக்குச் சம்பந்தமில்லாத ஆள்போல ஒரு சைக்கிள் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் காலை திருக்கேதீஸ்வரம். பத்துக் கிலோமீற்றர். ஓட்டோக்காரர் பாரூக், பக்கத்துத் தாராபுரத்து ஆள், போய்வர இரண்டாயிரத்தைந்நூறு ரூபாய் பேசினார். பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்து, கும்பிட்டு, வெளிவீதியைச் சுற்றிவந்தபோது மனம் கொஞ்சம் அமைதிப்பட்டிருந்தது. யாரோ ஒரு குடும்பத்தின் உபயமாக மத்தியானம் அன்னதானம் நடந்தது. சிவன் கோயில், மாசி இராது, நெத்தலி இராது. இங்கேயாவது பிள்ளை நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று வரிசையில் உட்கார்ந்தேன்.

“நெய் விடாதேங்கோ ஐயா” என்றாள் அபி.

பருப்பு வாளியோடு வந்த பெரியவர் நின்றுவிட்டார். “நெய் காய்ச்சும்போதே விட்டாச்சுப் பிள்ளை.”

“அப்ப சாம்பார் மட்டும் போடுங்கோ.”

“அதிலயும் ஒரு சொட்டு விட்டிருக்கு. சுவாமிக்குப் படைச்சது. பால், நெய் எல்லாம் சைவம்தானே?”

“சைவம்தான் ஐயா. நான் பாலும் சாப்பிடுறேல்லை.”

பின்னால் மோர் வாளி, பாயாச வாளி, அப்பளக் கூடை எல்லாம் முட்டிக்கொண்டு நின்றன. பக்கத்துப் பந்தியில் இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “பிள்ளைக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டா. நோயா என்று கேட்கிறா. நான், “ஒவ்வாமை” என்று சொல்லி வைத்தேன். “எனக்கு ஒரு வருத்தமும் இல்லை அன்ரி” என்றாள் அபி. அந்த அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தா. அபி வெறுஞ்சோறும் வாழைக்காய்ப் பொரியலும் சாப்பிட்டு எழும்பினாள்.

ஓட்டோவில் ஏறி இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். பாரூக் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, “மகளுக்கு என்ன, நேர்ச்சையா?” என்று கேட்டார். எங்கள் பக்கம் நேர்த்தி என்பதை அவர்கள் நேர்ச்சை என்பார்கள். ஏதேனும் காரியம் நடக்கவேண்டும் என்று ஆண்டவனிடம் சொல்லி, அதற்காக ஒன்றை விட்டுவிடுவது.

“நேர்த்தி இல்லை. கொள்கை” என்றேன்.

பாரூக் சிரித்தார். “கொள்கை எண்டா சனம் வாதாடும். நேர்ச்சை எண்டா வாயைப் பொத்திக்கொண்டு போகும். அப்பிடிச் சொல்லிப் பாருங்க.”

நல்ல யோசனையாகப் பட்டது. அபி, “அது பொய்” என்றாள். ஆனால் தாராபுரத்தில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, அவள் இறங்குமுன் நான் உள்ளே போய்க் கடைக்காரரிடம், “மகள் நேர்ச்சை. பால், முட்டை, நெய் ஒண்டும் படக்கூடாது” என்றேன். ஒரு கேள்வி இல்லை. அவர் கல்லைத் தேய்த்துக் கழுவி, தேங்காய்ப்பூப் போட்டு, எண்ணெய் மட்டும் தடவி ரொட்டி சுட்டார். வேறொரு குவளையில் பால் விடாத பிளேன்ரீயும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் வந்தன. “அல்லாஹ் மகளின்ட நாட்டத்தை நிறைவேத்தட்டும்” என்றார். இரண்டு நாளில் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டது அங்கேதான். எனக்கு வழி கிடைத்துவிட்டது. அபி மட்டும், “இனி இப்பிடிச் சொன்னால் நான் திரும்பிப் போயிடுவன் அப்பா” என்றாள். நான் தலையாட்டினேன்.

பின்னேரம் ஐந்து மணிபோலக் கீரியில் சேவியர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கடலுக்கும் வீட்டுக்கும் இடையில் நாலு தென்னைதான். திரேசா ஓடிவந்து அபியைக் கட்டிப்பிடித்தா. வந்தவர்களுக்கென்று வாங்கிய தண்ணீர்ப் போத்தல்கள் குளிர்பெட்டியில் அடுக்கியிருந்தன. அபி அதை விட்டுவிட்டு, வீட்டார் குடிக்கிற பெரிய தண்ணீர்க் கானிலிருந்து தன் போத்தலை நிரப்பினாள். திரேசாவின் முகம் சற்று வாடியது. நான் பார்த்தேன்.

சேவியர் அபியைக் கடற்கரை காட்டக் கூட்டிப்போனான். திரேசா குசினியில் ஒட்டி மீன் பொரிக்க ஆயத்தம் செய்துகொண்டே, “நாளைக்கு மத்தியானம் நண்டு அண்ணை. பிள்ளைக்கு உறைப்புக் குறைச்சுத் தனிய வைக்கட்டோ?” என்று கேட்டா. அவ கையில் உப்புப் பிரட்டிய மீன்கள். முகத்தில் அவ்வளவு சந்தோசம். ஒரு மாதம் எங்கள் வீட்டில் படுத்திருந்தவ இப்போது எங்களுக்குச் சமைக்கப் போகிறா. அந்த முகத்தைப் பார்த்து, என் மகளுக்கு உன் மீன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

“தங்கச்சி, அபி ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறா. மச்சம், பால் ஒண்டும் தொடமாட்டா” என்றேன்.

திரேசா மீனை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினா. “என்னத்துக்கு அண்ணை? பிள்ளைக்கு என்ன?”

இதற்கு நான் ஆயத்தமாய் இருக்கவில்லை. “அது... அவ நினைச்ச ஒரு காரியம்” என்று இழுத்தேன்.

அவ அதற்குமேல் கேட்கவில்லை. கண் மட்டும் கலங்கியது. தவக்காலம் வேறு, அந்தக் கத்தோலிக்க வீட்டில் நேர்த்தி என்றால் சின்ன விசயமில்லை.

அபி கை நிறைய வெள்ளை மணிகளோடு திரும்பிவந்தாள். பயற்றைவிடச் சின்ன பிளாஸ்டிக் உருண்டைகள். கடலில் கவிழ்ந்த ஒரு கப்பலில் இருந்து கொட்டியவையாம். “கரையை எத்தினைதரம் கூட்டினாலும் அடுத்த அலையோட வருது” என்றான் சேவியர். “வலையிலயும் வருது. மண்ணைக் கிண்டினால் அரிசி கொட்டினமாதிரிக் கிடக்கு.” அபி அவற்றை ஒரு சிரட்டையில் போட்டுவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பொலித்தீன் தாளுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் சண்டை பிடிக்கிறவள் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அது எனக்கு அவளுடைய சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் அவளுக்குப் பருப்பும் முருங்கையிலைச் சுண்டலும் தனியாக வந்தன. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ‘பார்த்தாயா?’ என்பதுபோல அபியைப் பார்த்து நான் ஒட்டி மீனைக் கடித்தேன். திரேசா தன் தட்டில் மீன் போடாததை நான் கவனிக்கவில்லை. சேவியர் கவனித்திருந்தான்.

காலையில் அவன் கடலால் வந்து நண்டுக் கூடையை முற்றத்தில் இறக்கினான். நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சரசரத்தன. திரேசா அப்போதுதான் பூசை முடிந்து மாதா கோயிலால் வந்தா. முக்காடு இன்னும் தலையில் இருந்தது. சேவியர் பெரிய நண்டு ஒன்றைத் தூக்கிக் காட்டி, “இது உனக்கு” என்றான்.

“எனக்கு வேண்டாம்.”

“ராவும் மீன் தொடேல்லை. என்னப்பா உனக்கு?”

திரேசா அபியின் தலையைத் தடவினா. “பிள்ளையின்ர காரியம் சரிவருமட்டும் நானும் மீன், நண்டு தொடமாட்டன் எண்டு மாதாவுக்கு முன்னால சொல்லிப்போட்டன். பிள்ளை தனிய நோன்பு பிடிச்சுக்கொண்டு திரியக்கூடாது.”

“என்ன காரியம் அன்ரி?” என்றாள் அபி.

“நான் கேக்கமாட்டன் பிள்ளை. அது உமக்கும் கடவுளுக்கும் இடையில.”

அபி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த நேரம் அந்தக் கூடைக்குள் நண்டுகளோடு நண்டாக நானும் கிடந்திருக்கலாம்.

“அன்ரி, நான் நேர்த்தி ஒண்டும் வைக்கேல்லை” என்றாள். மிருகங்களைக் கொன்று தின்ன மனம் வரவில்லை, பாலுக்காக அவற்றைக் கட்டிவைப்பதும் பிடிக்கவில்லை, இது தன்னுடைய முடிவு, யாரிடமும் எதையும் கேட்டு வைத்ததில்லை என்று நிதானமாகச் சொன்னாள். திரேசா முழுவதையும் கேட்டா. பிறகு என் பக்கம் திரும்பினா.

“அப்ப நீங்கள் சொன்னது?”

“உமக்கு மனம் நோகும் எண்டுதான் தங்கச்சி...”

“மனம் நோகுமோ? உங்கட வீட்டில ஒரு மாசம் கிடந்தனான். எனக்கு உப்பு ஆகாது, புளி ஆகாது, உறைப்பு ஆகாது. அண்ணி ஒவ்வொரு நேரமும் எனக்கெண்டு தனிச் சட்டியில காய்ச்சித் தந்தவ. ஒருநாள் முகம் கோணினவவோ? உங்கட பிள்ளைக்கு ரெண்டு நேரம் பருப்புக் காய்ச்சித் தர எனக்கு ஏலாதெண்டு நினைச்சியளோ? அதுக்கு மாதாவை இழுக்கவேணுமோ?”

இந்த இரண்டு நாளும் எல்லோர்மேலும் எரிந்துகொண்டு திரிந்தவனுக்கு இப்போது எரிந்து விழ யாரும் மிஞ்சவில்லை.

சேவியர் சமாதானத்துக்கு வந்தான். “சரி விடு. பொய்க்கு வைச்ச நேர்த்தி செல்லாது. பங்குச் சுவாமியாரிட்டச் சொன்னால் முடிஞ்சுது.”

“மாதாவுக்குச் சொன்னதை மாத்த ஏலாது” என்றா திரேசா. “அபி நினைச்ச காரியம் நடக்கவேணும் எண்டு சொன்னனான். நடக்கத்தான் வேணும். நீர் இப்ப ஒண்டை நினையும் பிள்ளை. நினைச்சுச் சொல்லும்.”

அபியின் கண் திண்ணைக் குந்தில் இருந்த பிளாஸ்டிக் மணிச் சிரட்டைக்குப் போனது. “இந்தக் கடலுக்குள்ள கிடக்கிற பிளாஸ்டிக் முழுக்க...”

“ஐயோ பிள்ளை!” என்று சேவியர் கத்திவிட்டான். “அவ சாகுமட்டும் மீன் தின்னமாட்டா! நான் ஆருக்குப் பிடிக்கிறது? நடக்கக்கூடியதாய்ச் சின்னதாய் ஏதும் நினையும்!”

சோதனை பாஸாகவேண்டும் என்றோ வேலை கிடைக்கவேண்டும் என்றோ சொல்வாள் என்று நினைத்தேன். அபி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அப்பா ஒரு நேரம் நான் சாப்பிடுறதைச் சாப்பிடோணும். முகம் சுழிக்காமல். நக்கல் அடிக்காமல். ஒரே ஒரு நேரம்.”

முற்றத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“கேட்டியளோ அண்ணை?” என்றா திரேசா. “ஒரு சொல்லு நக்கல் வந்தாலும் கணக்கில இல்லை. பிறகு என்ர பாடு உங்கட தலையில.”

மத்தியானம் எனக்கும் அபிக்கும் ஒரு பக்கம் பரிமாறினார்கள். சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பால் விட்ட கத்தரிக்காய், பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், மாசி போடாமல் தேசிக்காய் பிழிந்த சம்பல், பொரித்த மரவள்ளிக்கிழங்கு. எதிரே சேவியருக்கு நண்டுக்கறி. மிளகும் முருங்கையிலையும் போட்டு வற்றவைத்த குழம்பு. மணம் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சேவியர் ஒரு காலை எடுத்துப் பல்லில் வைத்து உடைத்தான். டக். என் வாய்க்குள் ஒரு சொல் வந்தது, நல்ல சொல்லும்கூட. திரேசா நண்டு போடாத தன் தட்டோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. விழுங்கினேன்.

கத்தரிக்காய் நன்றாயிருந்தது. மரியாதைக்குச் சொல்லவில்லை. அது அவளுக்காகவே சமைத்த கத்தரிக்காய். அப்போதுதான் எங்கள் வீட்டை நினைத்தேன். அபி விடுமுறைக்கு வந்தால் நாங்கள் எங்களுக்குச் சமைப்போம். அதில் அவளுக்கு ஆகாதவற்றைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அவளுடைய சாப்பாடு. திரேசாவுக்கு ஒரு மாதம் தனிச் சட்டி வைத்த வீட்டில், பெற்ற பிள்ளைக்கு ஒரு வருடமாக ஒரு சட்டி வைக்கவில்லை. அவள் எங்கள் எல்லோருக்கும் நடுவிலிருந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதைச் சொல்லாமல் பிளாஸ்டிக்கைப் பற்றியும் நெய்யைப் பற்றியும் சண்டை பிடித்திருக்கிறாள்.

“இன்னும் கொஞ்சம் சம்பல் போடு பிள்ளை” என்றேன். அபி போட்டாள்.

என் தட்டு வெறுமையானதும் திரேசா அபியைப் பார்த்தா. “சரியோ பிள்ளை? நடந்ததோ?”

“நடந்தது அன்ரி.”

திரேசா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டா. நான் கை கழுவ எழும்புமுன்பே பெரிய நண்டு அவ தட்டுக்குப் போய்விட்டது. எனக்கு ஒரு கால்கூடத் தர அவ முன்வரவில்லை. கேட்கிற நிலையில் நானும் இல்லை.

மூன்று மணி பஸ்ஸுக்குச் சேவியர் ஏற்றிவிட்டான். பாலத்தில் பூநாரைகளைக் காணவில்லை. தண்ணீர் வற்றி, சேற்றில் வெயில் மட்டும் மின்னியது. வவுனியாவுக்கு வருகிற மீன் ஐஸில் ஒருநாளாவது படுத்துவிட்டுத்தான் வரும். மன்னாருக்குப் போய் நண்டு தின்னாமல் வந்தவன் என்று கடையில் யாரிடமும் சொல்லமுடியாது. எரிச்சல் முழுதாய்ப் போய்விட்டது என்றும் நான் சொல்லமாட்டேன். வழியில் முருங்கன் ஊர் தாண்டும்வரை அந்த மிளகு மணம் என் சட்டையில் இருந்தது.

“வீட்டை போனதும் நண்டு எப்பிடி எண்டு அம்மா கேப்பா” என்றாள் அபி. “என்ன சொல்லப் போறியள்? திரும்பவும் ஏதும் பொய்யோ?”

“இல்லை, உள்ளதைச் சொல்லுவன்.”

“உள்ளதெண்டால்?”

“உடைக்கிற சத்தம் நல்லாயிருந்தது எண்டு.”